சட்டை காய்ந்த அறை

கொம்பன் தம் வாழ்நாளில் உடைத்த மூக்குகளில் பாதிக்கு மேல் நியாயமான காரணத்துக்காகவே உடைக்கப்பட்டவை. இதை அவருடைய எதிரிகளே ஒப்புக்கொள்வார்கள். அதாவது, வாயைத் திறந்து பேசும் நிலைமையில் இருக்கிற எதிரிகள். மீதி மூக்குகளைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் எட்டும் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேசுவது பேசுகிறவரின் கவனக்குறைவு என்பது அவருடைய கட்சி.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பள்ளிக்கூட நாளில் ஒரு பயல், "நீ என்ன பெரிய கொம்பனா?" என்று கேட்டுவிட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. நெற்றியால் பதில் சொன்னார். கேட்டவனுக்கு முன்பற்கள் போயின, சொன்னவருக்குப் பெயர் வந்தது. அன்றிலிருந்து கையால் அடிப்பதைச் சில்லறை வேலையாகக் கருதி, முக்கியமான விவகாரங்களை எல்லாம் நெற்றியாலேயே முடித்துக்கொண்டு வந்தார். அந்த நெற்றி நாளடைவில் தேய்ந்த அம்மிக்கல் போல மழமழவென்று ஆகிவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு வேலை நிலைக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பேருந்து நடத்துநராக இருந்தபோது, மீதிச் சில்லறை கேட்ட பயணி ஜன்னல் வழியாக இறங்க நேர்ந்தது. திரையரங்கு வாசலில் காவல் நின்றபோது, உள்ளே ஓடிய சண்டைக் காட்சியை விட்டுவிட்டு ஜனங்கள் வெளியே ஓடிவந்து இவரைப் பார்த்தார்கள். மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார்ந்த காலத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை கணிசமாகக் கூடியது. ஆனால் வாசலுக்கு வந்த பிறகு நோயாளி ஆனவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

ஒவ்வொரு வேலை போகும்போதும் கொம்பனின் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பெண் பிள்ளைகளையும் நடத்திக்கொண்டு, தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். அண்ணன் வீட்டில் இரண்டே அறை. அவர் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் ஏசி மெக்கானிக். தங்கை மேல் அவருக்கு உயிர். ஆனால் குளியலறைக்கு வரிசையில் நின்று நின்று அந்த உயிர் பாதி போயிருந்தது. கடைசியில் அவரே வலியப் போய்க் கொம்பனுக்கு வேலை பிடித்துக் கொடுத்தார்.

"மனுஷங்களே இல்லாத எடமா ஒண்ணு பாத்திருக்கேன் மாப்ளே. பூரா கம்ப்யூட்டர் பெட்டி. அங்க போய் யாரை அடிக்கிறேன்னு பாக்குறேன்."

"நீ இருப்பியா மச்சான் அங்க?"

"நான் இல்லாம? ஏசி என் பொறுப்புதானே."

"அப்ப சரி" என்றார் கொம்பன்.

அந்தப் பதிலில் ஒளிந்திருந்த அபாயத்தை மச்சான் அப்போது கவனிக்கவில்லை.

நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அறை. ஜன்னல் கிடையாது. ஆள் உயர இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குள் கணினிப் பெட்டிகள் இராப்பகலாக முனகிக்கொண்டிருக்கும். கை முறிந்தவர், கால் போனவர், மாடிப்படியில் உருண்டவர் என்று எல்லாருடைய இழப்பீட்டு விவரமும் அந்தப் பெட்டிகளுக்குள்தான். கொம்பன் உடைத்த மூக்குகள் சிலவும் அங்கே பத்திரமாகப் பதிவாகியிருந்தன. தம் வாழ்க்கைச் சாதனையைத் தாமே காவல் காக்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அவருடைய பொறுப்பு, அறைக் காற்றின் ஈரப்பதத்தை நூற்றுக்கு நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் நிறுத்திவைப்பது. அறுபதைத் தாண்டினால் பெட்டிக்குள் வியர்த்துத் துரு ஏறும். நாற்பதுக்குக் கீழே போனால் காற்று வறண்டு, தொட்ட இடத்தில் எல்லாம் மின்பொறி பறக்கும். ஒரு பொறி போதும், பெட்டி மயக்கம் போட்டு விழ. அறையின் ஒரு கோடியில் நீராவி விடும் இயந்திரம், அது கொம்பனுடையது. மறு கோடியில் காற்றைக் குளிரவைத்து ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம், அது மச்சானுடையது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்துச் சுவரில் ஈரத்தை அளந்து சொல்லும் ஒரு சென்சார். அது சொல்வதைக் கேட்டு இயந்திரம் தானாகவே வேலை செய்யும். ஒன்று ஊட்டும், ஒன்று குடிக்கும். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான்.

கொம்பன் இந்த வேலையை உயிராகப் பிடித்துக்கொண்டார். அதுவரை கொள்கை எதுவும் இல்லாமல் வெறுமனே அடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு முதன்முதலாக ஒரு கொள்கை கிடைத்துவிட்டது. கொள்கை கிடைத்தவன் கை எவ்வளவு பலமாக விழும் என்பதை உலகம் நிறையவே பார்த்திருக்கிறது. மழை நாளில் சொட்டச் சொட்டக் குடையோடு உள்ளே வந்த விற்பனைப் பிரிவு அதிகாரி, குடை ஒரு பக்கமும் தாம் ஒரு பக்கமுமாக வெளியே போனார். ஆவி பறக்கும் தேநீரோடு வந்தவருக்கு அந்தத் தேநீர் உச்சந்தலையில் கிடைத்தது. அறைக்குப் பசுமை வேண்டும் என்று யாரோ கொண்டுவந்து வைத்த பூந்தொட்டி, நடைபாதை ஜன்னல் வழியாகக் கீழே பறந்து மேலாளரின் கார்க் கூரையில் வேர் பிடித்தது.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். கனத்த அலுவலகக் கோப்பு ஒன்றை மூக்குக்கு முன்னால் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும். ஒருத்தன், ஒரே ஒருத்தன், இவன் என்னை அடிச்சான்னு வந்து நிக்கட்டும். அன்னிக்கே நீ வெளிய. புரியுதா?"

"புரியுது சார். அந்தக் கோப்பைக் கொஞ்சம் கீழ எறக்குங்க சார், சரியா காதுல விழலை."

"அது இங்கயேதான் இருக்கும்!"

வீட்டில் நிலைமை இன்னும் சூடு. மனைவி ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். செய்தி காதில் விழுந்தபோது அவள் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. கொம்பனுக்கு மிகவும் பிடித்த நீலச் சட்டை மேல் அதை வைத்துவிட்டு, அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இதுவும் போச்சுன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போனவ போனவதான். இந்தத் தடவை திரும்பி வரமாட்டேன். பிள்ளைங்களும் வராது."

"சரிம்மா."

"சட்டையில ஒரு பொட்டு ரத்தம் பாத்தாலும் அன்னிக்கே பெட்டியைக் கட்டுவேன்."

"சரிம்மா. சட்டை புகையுது."

"புகையட்டும்!"

முக்கோணமாக ஒரு ஓட்டை விழுந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அந்த ஓட்டையைக் கொம்பன் பல நாள் மறக்கவில்லை. பிள்ளைகள் இருவரும் தூங்கும்போது ஆளுக்கொரு பக்கம் அவர் கையைத் தலைக்கு வைத்துக்கொள்கிறவர்கள். அந்தக் கைகளை வெறுமனே கட்டிலில் போட்டுக்கொண்டு படுப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இனி வெளி ஆள் ஒருவனையும் தொடுவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார்.

ஆகவே மிச்சம் இருந்தது உள் ஆள். அதாவது, மச்சான்.

கோடை வந்தது. மச்சான் தம் இயந்திரத்தை முழு மூச்சில் ஓடவிட்டார். காற்று வறண்டது. ஒரு நாள் கொம்பன் அலமாரிக் கதவைத் தொட்டார். விரல் நுனியில் பொறி பறந்து முழங்கை வரை சுரீர் என்றது. நேரே மச்சானிடம் போனார்.

"உன் மிஷினைக் கொஞ்சம் அடக்கு மச்சான்."

"பெட்டிக்கெல்லாம் குளிர் வேணும் மாப்ளே. உன் ஈரத்தை நீ பாத்துக்க."

"நான் ஊத்த ஊத்த நீ குடிச்சா?"

"குடிக்கும். அதுக்குத்தான் மிஷின். வேலை வாங்கிக் குடுத்தவன்கிட்டயே எகிறாதே. போ, போய் ஓரமா உக்காரு."

ஓரமாக உட்காரச் சொன்னது பிசகாகப் போயிற்று. கொம்பனின் நெற்றி மச்சானின் புருவத்தில் இறங்கியது. மச்சானும் சாதாரண ஆள் இல்லை. குழாய் முறுக்கி முறுக்கி இறுகிய கை. கொம்பனின் தாடையில் ஒன்று வைத்தார், கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. இருவரும் கட்டிப்பிடித்து உருண்டார்கள். கொம்பன் மச்சானின் காதைக் கடித்தார். மச்சான் கொம்பனின் விரலை அலமாரிக் கதவில் வைத்து நசுக்கினார். கடைசியில் கொம்பன் மச்சானின் தலையைப் பிடித்து நீராவிக் குழாயில் மோதினார். குழாய் உள்ளே அமுங்கி ஒரு பள்ளம் விழுந்தது. மச்சானின் தலையிலும் ஒரு பள்ளம் விழுந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தும்.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் இருவருக்கும் புத்தி வந்தது.

"இதை எங்கயும் சொல்லிடாதே மச்சான்."

"சொன்னா உனக்கு வேலை போகும், என் தங்கச்சி மூட்டையோட என் வீட்டுக்கு வருவா. எனக்கு என்ன கிறுக்கா?"

"குடும்பச் சண்டை. நமக்குள்ளயே இருக்கட்டும்."

"ஆமா. ஆனா நாளைக்கு உன்னைச் சும்மா விடமாட்டேன்."

"வா, பாக்கலாம்."

உடன்படிக்கை ஆயிற்று. சட்டையில் இருந்த ரத்தம் மட்டும் உடன்படிக்கைக்குள் அடங்கவில்லை. கொம்பன் கழிப்பறையில் தம் சட்டையை அலசினார். மச்சானும் தம் பெண்டாட்டிக்குப் பயந்து தம் சட்டையை அலசினார். அலமாரிகளின் பின்பக்கம் பெட்டிகள் விடும் சுடுகாற்று சும்மாதானே வீணாகிறது? உபயோகமில்லாத கணினி ஒயர் ஒன்றைக் குறுக்கே கட்டி, சட்டைகளைத் தொங்கவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டன. இதைவிடச் சிக்கனமான யோசனை உலகத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது என்று இருவருமே மெச்சிக்கொண்டார்கள்.

ஒயர் கட்டிய இடத்துக்கு நேர் கீழே, சுவரில், மச்சானின் இயந்திரத்துக்கு உரிய சென்சார் இருந்தது. சண்டைக்காரர்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. பாவம் அந்தச் சென்சார்! ஈரச் சட்டை இரண்டு மூக்கின் மேல் சொட்டினால் அது வேறு என்ன சொல்லும்? அறை வெள்ளக்காடாகிவிட்டது என்று சொல்லிற்று. மச்சானின் இயந்திரம் அதை நம்பி, இருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சித் தள்ளியது. மறு கோடியில் கொம்பனின் சென்சார் பாலைவனம், பாலைவனம் என்று அலறியது. ஆனால் அமுங்கிய குழாய் வழியாக அவருடைய இயந்திரத்தால் தும்மத்தான் முடிந்தது. பழுதுபார்க்கச் சொல்லலாம் என்றால், இரும்புக் குழாயில் மனிதத் தலையின் வடிவம் எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்களே!

இனி நடந்தது சக்கரம் சுற்றுவதைப் போல நடந்தது. காற்று வறண்டதால் பொறி பறந்தது. பொறி சுட்டதால் இருவருக்கும் கோபம் வந்தது. கோபம் வந்ததால் அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொண்டதால் சட்டையில் ரத்தம். ரத்தம் என்றால் அலசல், அலசினால் ஒயர், ஒயர் என்றால் சென்சார். மறுநாள் காற்று முன்னிலும் வறண்டிருக்கும்.

"என் மிஷின் தொண்ணூறு காட்டுது மாப்ளே. தொண்ணூறு! இது ரூமா, மீன் தொட்டியா?"

"என் மிஷின் இருவது காட்டுது மச்சான். நீ திருட்டுத்தனமா ஏதோ செய்யுற."

"உன் மூஞ்சி மாதிரியே உன் மிஷினும் கோணல்."

"என் மூஞ்சி கோணலானது உன்னாலதானே!"

அதற்கப்புறம் பேச்சு இருக்காது. ஒரு நாள் ஸ்பேனர் பறக்கும், ஒரு நாள் நாற்காலிக் கால். ஒரு நாள் மச்சான் கொம்பனின் கழுத்தில் ஒயரைச் சுற்றி, கண் பிதுங்கும் வரை இறுக்கினார். கண் பிதுங்கிய நிலையிலும் கொம்பன் பின்னந்தலையால் மச்சானின் உதட்டைக் கிழித்தார். வெளியே கேட்காது, பெட்டிகளின் முனகல் எல்லாவற்றையும் மூடிவிடும். சாயங்காலம் இருவரும் சுத்தமான சட்டையோடு, ஆளுக்கொரு பிளாஸ்திரியோடு, படியிறங்கிப் போவார்கள். மாப்பிள்ளையும் மச்சானும் எவ்வளவு ஒற்றுமை என்று வாசல் காவலாளி வியந்துகொள்வார்.

இதற்குள் பெட்டிகள் ஒவ்வொன்றாக மயங்கி விழ ஆரம்பித்தன. விரல் நசுங்கியவருக்கு மரணத் தொகை போயிற்று. செத்துப்போனவருக்குச் சுளுக்குத் தைலத்துக்கான ரசீது கேட்டுக் கடிதம் போயிற்று. விஷயம் முற்றி, தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் சோதனைக்கு வரப்போவதாகத் தகவல் வந்தது.

மேலாளர் அறையைத் தயார் செய்தார். அவர் அகராதியில் தயார் செய்வது என்றால் கம்பளம் விரிப்பது. நடைபாதை தொடங்கி அறையின் நடு வரைக்கும் சிவப்புக் கம்பளம் விரித்தார். கம்பளிக் கோட்டு ஒன்றும் வாங்கி மாட்டிக்கொண்டார். வறண்ட காற்றில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு கம்பளத்தின் மேல் நடப்பதும் தம்மைத் தாமே மின்சாரப் பெட்டியாக்கிக்கொள்வதும் ஒன்று. அவரோ காலைத் தூக்கி வைத்தும் பழக்கம் இல்லாதவர். தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார்.

அன்று காலையிலும் மாமன் மச்சான் கணக்கு ஒன்று தீர்ந்து முடிந்திருந்தது. சட்டைகள் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன. மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு மச்சான் பின்னால் அவற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்க, கொம்பன் முன்னால் கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கையை மறு கை பிடித்திருந்த பிடியில் மணிக்கட்டு வெளுத்துப்போயிருந்தது. அப்படி ஒரு கட்டுப்பாடு.

அம்மையார் ஓர் அலமாரியைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் கம்பளத்தைத் தேய்த்தபடி கொம்பனிடம் வந்தார்.

"இவர்தாம்மா ஈரப்பதப் பொறுப்பாளர். முன்னாடி கொஞ்சம் முரடு. நாங்கதான் திருத்தி எடுத்தோம். இப்பப் பாருங்களேன், பசு மாதிரி."

பசுவைத் தட்டிக்கொடுப்பதுபோலக் கொம்பனின் மூக்கை நோக்கிக் கையை நீட்டினார். விரலுக்கும் மூக்குக்கும் நடுவே 'சடக்' என்று நீலப் பொறி ஒன்று வெடித்தது. மேலாளர் வீறிட்டுப் பின்னால் துள்ளினார். திறந்திருந்த இன்னொரு அலமாரிக் கதவில் முதுகு மோதியது. கதவு சுவர் வரை போய், அதே வேகத்தில் திரும்பி வந்தது. என்ன மோதியது என்று பார்க்க மேலாளர் திரும்பிய அதே கணத்தில் அவர் மூக்கைச் சந்தித்தது. ரத்தம் கம்பளிக் கோட்டில் கொட்டியது.

"அடிச்சுட்டான்! என்னை அடிச்சுட்டான்!"

"நான் அடிக்கலை சார்" என்றார் கொம்பன்.

இந்த வாக்கியத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்கிறார். பழக்கம் இல்லாததால் பச்சைப் பொய் மாதிரியே ஒலித்தது.

"அடிக்கலைன்னா இது என்ன, தக்காளிச் சாறா? அம்மா, நீங்களே பாத்தீங்கல்ல?"

"நான் திரும்புறப்ப நீங்க பறந்துக்கிட்டு இருந்தீங்க" என்றார் அம்மையார். "அதுக்கு முன்னால நடந்தது தெரியாது."

"புகார் குடுக்குறேன்! இதோ, வாய் வார்த்தையாவே புகார்! ஒரே ஒரு புகார் வந்தாலும் வேலை போயிடும்னு சொல்லியிருக்கேன்ல? நீ வெளிய போடா!"

கொம்பனின் கண் முன்னால் நீலச் சட்டையின் முக்கோண ஓட்டை வந்து நின்றது. அந்த ஓட்டை வழியாகப் பெட்டியும் இரண்டு பிள்ளைகளும் நடந்து போவது தெரிந்தது. இத்தனை காலமும் அடித்து அடித்துத் தப்பித்தவர், அடிக்காத ஒரே ஓர் அடிக்காகப் போகப்போகிறார்.

பின்பக்கம் நின்ற மச்சானுக்கும் எல்லாம் காதில் விழுந்தது. முதலில் சந்தோஷம் பொங்கியது. தொலைந்தான் மாப்பிள்ளை! அடுத்த நொடியே தங்கை நினைவுக்கு வந்தாள். பெட்டி வந்தது. பிள்ளைகள் வந்தார்கள். குளியலறை வாசலில் வரிசை வந்தது. கையில் இருந்த ஈரச் சட்டையை ஒயரிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அம்மா! இது இவன் அடிச்ச அடியே இல்லைம்மா!"

"நீங்க யாரு?"

"இவன் மச்சான்."

"உறவுக்காரன், அப்படித்தான் சொல்லுவான்" என்று மேலாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"நானா? இவனுக்குப் பரிஞ்சு பேசுறதா? அம்மா, நல்லாப் பாருங்க. மூக்கு நேரா இருக்கு. ரத்தம் நுனியில வருது. இவன் அடிச்சிருந்தா நடு எலும்பு இந்தப் பக்கம் வந்திருக்கும். இதோ, என்னுது பாருங்க. இதுதான் இவன் அடி. இந்தக் காதுல பல் தடம் தெரியுதா? இவன் பல்லு. இந்தப் புருவம், இந்த உதடு, எல்லாம் இவன் கைங்கரியம். அந்தக் குழாய்ல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க."

போய்க் குழாய்ப் பள்ளத்தில் தம் தலையை வைத்துக் காட்டினார். ஜாடிக்கு மூடி போலப் பொருந்தியது.

"மச்சான்" என்று கொம்பன் பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார், "நீ என்னைக் காப்பாத்துறியா, புதைக்கிறியா?"

"வாயை மூடு மாப்ளே. சாட்சி சொல்லிக்கிட்டிருக்கேன்."

அம்மையார் மச்சானின் காதையும் மேலாளரின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இவர் ஏன் பறந்தார்?"

"காத்து வறண்டு கெடக்கு. தொட்டா பொறி பறக்கும். நீங்க வேணா கம்பளத்துல நடந்து வந்து இவன் மூக்கைத் தொட்டுப் பாருங்க."

அம்மையார் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவர். கம்பளத்தின் கோடி வரை போனார், மேலாளரைப் போலவே தேய்த்துத் தேய்த்து வந்தார், விரலை நீட்டினார். 'சடக்!' அவர் வாயிலிருந்து ஒரு அலறல் வந்தது. கூடவே, அவரை அறியாமலேயே, இன்னொரு கை சுழன்று கொம்பனின் கன்னத்தில் பளீர் என்று இறங்கியது.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் கொம்பன் ஒரு நாளும் படுத்ததில்லை. அடித்தது யார் என்று பார்க்கும் வழக்கமும் இல்லை. மச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மேலாளர் கோப்பைத் தேடினார், கிடைக்காமல் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டார். கொம்பனின் நெற்றி நரம்பு கயிறாகப் புடைத்தது. கழுத்து பின்னால் போயிற்று. தூங்கும் பிள்ளைகளின் தலை பாரம் இரண்டு கையிலும் தெரிந்தது.

திரும்பினார். நாலே எட்டில் தம் இயந்திரத்தை அடைந்து, மொத்த ஆத்திரத்தையும் சேர்த்து நெற்றியால் குழாயில் மோதினார்.

பள்ளம் விழுந்த இடத்தில் குழாய் வெடித்தது. கோடை முழுவதும் அடைபட்டுக் கிடந்த நீராவி சீறிக்கொண்டு கிளம்பி அறையை மூடியது. கொம்பனின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. முகத்தில் ஆவி பட்ட மேலாளர் கம்பளத்தோடு சுருண்டார். சுவரில் இருந்த எண் இருபதிலிருந்து மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. மச்சான் ஓடிப்போய் நீர்க்குழாயை மூடினார்.

ஆவிக்கு ஒதுங்கிப் பின்பக்கம் போன அம்மையாரின் முகத்தில் ஒரு ஈரச் சட்டைக் கை அறைந்தது. அதை விலக்கினார், இன்னொரு சட்டை. இரண்டையும் விலக்கிக் கீழே பார்த்தார். சென்சார் தொண்ணூறு என்றது. எட்டிப் பார்த்தார், மறு கோடியில் இருபத்தைந்து என்றது. மறுபடியும் சட்டையைப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் எல்லாம் புரிந்துவிட்ட களைப்பு இருந்தது.

"இந்தச் சட்டை யாரோடது?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"துவைச்சு இங்க காயப்போட்டா, அந்த மிஷின் ஈரம்னு நினைச்சு உறிஞ்சாம என்ன செய்யும்?"

கொம்பனும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அத்தனை பற்களும் புருவங்களும் எதற்காகப் போயின என்பது அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது.

அம்மையார் மேலாளர் பக்கம் திரும்பினார். "உங்களை அடிச்சது கதவு. புகார் குடுக்கணும்னா கதவு மேல குடுங்க. அந்தக் கம்பளத்தை முதல்ல சுருட்டி வெளிய போடுங்க." பிறகு மச்சானிடம் வந்தார். "உங்க காயம் வேற. இவரு அடிச்சதுன்னு நீங்களே சொன்னீங்க. ஒரே ஒரு புகார் வந்தாலும் இவருக்கு வேலை இல்லைன்னு விதி. சொல்லுங்க, புகார் குடுக்கிறீங்களா?"

மச்சானின் நாக்கு கிழிந்த உதட்டைத் தடவியது. இந்தக் கோடையில் ஆட்டம் கண்ட பல்லைத் தொட்டது. கடிபட்ட காதுக்குக் கை போயிற்று. கொம்பனின் நெற்றி ரத்தம் மூக்கு நுனியில் வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்லைம்மா" என்றார் மச்சான் கடைசியில். "இதெல்லாம் நான் கதவுல இடிச்சுக்கிட்டது."

"எல்லாமுமா?"

"பெரிய கதவும்மா."

"காதுல பல் தடம்?"

"பழைய கதவு."

அம்மையார் சற்று நேரம் அந்தக் காதையே பார்த்துவிட்டு, குழாயையும் சென்சாரையும் சரிசெய்யச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கொம்பனின் கன்னத்தைப் பார்த்து, "தெரியாம பட்டுடுச்சு" என்றார். "பரவாயில்லைம்மா" என்றார் கொம்பன். இதுவும் முதல் தடவைதான். இதுவும் பொய் மாதிரியேதான் ஒலித்தது.

அன்று சாயங்காலம் காயப்போட இடம் இல்லை. கொம்பன் ரத்தச் சட்டையோடு, நெற்றியில் தையலோடு, வீட்டு வாசலில் நின்றார். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பெட்டியைக் கட்டப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் கிட்டே வந்து, சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தாள்.

"மேலேருந்து வழிஞ்சிருக்கு. உங்களுதுதான். யார் அடிச்சா?"

"நானே."

"வேலை?"

"இருக்கு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தக் கோடை பூரா சட்டையை அங்கயே அலசிக்கிட்டு வர்றீங்களே, சோப்பு போகாம விறைச்சு நிக்குமே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? அண்ணி எங்கண்ணன் சட்டையைக் கொண்டுவந்து காட்டினா. அதே விறைப்பு, அதே சுருக்கம்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"எங்கண்ணனைத்தானே அடிக்கிறீங்க. அவன் வெளியாளா? சின்ன வயசுல என் கையை முறிச்சவன் அவன்." அவள் சட்டையை அவர் உடம்பிலிருந்து உருவி, பட்டென்று அவர் முதுகிலேயே ஒன்று வைத்தாள். பொத்தான் பட்ட இடம் சுள் என்றது. "ஏங்க, ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து ஒரு ரூமையே பாழாக்கியிருக்கீங்களே. அடிச்சுக்கிறதுக்கு முன்னாடி சட்டையைக் கழட்டி வைக்கணும்னு ஒருத்தனுக்குக்கூடத் தோணலையா?"

கொம்பனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில், நிறுவனத்தின் வண்டிக் கொட்டகைப் பின்புறம், ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கையின் மேல் இரண்டு சட்டைகள் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் யாரோ யாருடைய விலாவிலோ முழங்காலை இறக்கும் சத்தமும், "இது காதுக்கு மாப்ளே!" "இது சாட்சிக்கு மச்சான்!" என்ற குரல்களும் கேட்டுக்கொண்டிருந்தன. மூன்றாவது மாடியில், ஆளில்லாத அறையில், இரண்டு சென்சார்களும் ஒரே குரலில் ஐம்பது என்றன.